முறைப்பையன்

ஊதா விளக்கின்மேல் ஜெல்லை வைத்துவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பக்கத்து மேசைத் தோழி முழங்கையால் இடித்தாள். "மாப்பிள்ளை பாக்க வந்துட்டு கண்ண மூடினா எப்படிடி?"

ஆய்வகத்தில் அப்படித்தான் பேச்சு. மழைக்காட்டில் அந்த இனத்தில் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடிய மரங்கள். அவற்றில் பெண் மரம் ஒன்றே ஒன்று. இலையிலிருந்து மரபணுத் துண்டுகளைப் பிரித்து ஜெல்லில் ஓடவிட்டால் ஒவ்வொரு மரத்துக்கும் கோடு விழும். கோடுகள் ஒத்துப்போனால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

இதுவரை பார்த்த ஆண் மரமெல்லாம் அண்ணன்மார்தான்.

அண்ணன்மாரின் மகரந்தத்தில் பிடித்த விதையெல்லாம் பொக்கு.

பெண் மரம் இப்போது பூத்திருந்தது. உச்சிக் கிளைகள் பட்டுப்போகத் தொடங்கிவிட்டன, அடுத்த பூப்புவரை தாங்காது. மரமேறுகிறவர்கள் அதன் அடியில் கூடாரம் போட்டு, எந்த ஆண் மரத்தில் ஏறி மகரந்தம் எடுப்பது என்று இவள் சொல்லும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள்.

சேகரித்த இலைகள் தீர்ந்துவிட்டன. இழுப்பறைக் கோடியில் எண் போடாத ஓர் உறை மட்டும் பாக்கி. இத்தனை மாதமாக அதை அவள் தொடவில்லை. நேற்று வேறு வழியில்லாமல் பிரித்தாள். காயவைக்காமல் போட்ட இலை, கறுத்திருந்தது. அரைத்தால் பிசினாக வந்தது. கடைசித் துணுக்கில்தான் கொஞ்சம் தெளிந்தது.

"ஏய், இங்க பாரு."

பார்த்தாள். பெண் மரத்தின் கோடு ஓரிடம், இதன் கோடு வேறிடம். அடுத்த துண்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"முறைப்பையன் வந்துட்டான்டி. பூக்கிற மரமா இது?"

"மொட்டு விட்டிருந்துச்சு."

தோழி அதற்குள் காட்டுக்குப் போன் போட்டுவிட்டாள். "எந்தச் சரிவுன்னு நீயே சொல்லு," என்று கையில் திணித்தாள்.

அவள் கணவன் மண்சரிவில் போனான் என்று மட்டும்தான் தோழிக்குத் தெரியும்.

இருவரும் இலை பறிக்கப் போன இடத்தில் மண் சரிந்து, இந்த உறையிலிருந்த இலையின் மரம் அவன்மேல் சாய்ந்து கிடந்தது. பாதி வேர் மண்ணுக்குள்தான் இருந்தது. விட்டிருந்தால் சாய்ந்தபடியே பிழைத்திருக்கும். அடியிலிருந்து அவன் குரல் வந்துகொண்டிருந்தது. ரம்பம் வைத்திருந்தவர்கள் இவள் முகத்தைப் பார்த்தார்கள்.

வெட்டச் சொன்னாள்.

அறுத்து முடிப்பதற்குள் குரல் நின்றுபோயிற்று. அந்நேரத்திலும் பழகிய கை தன்பாட்டுக்கு ஓர் இலையைக் கிள்ளி உறையில் போட்டிருந்தது. அடுத்த மழையில் அடிக்கட்டையும் சரிவோடு இறங்கிப் போனது.

"சொல்லும்மா," என்றார் மரமேறி. "கயிறெல்லாம் தயாரா இருக்கு. எங்க ஏறணும்?"

இன்றைக்கு மறுபடி கேட்டாலும் வெட்டத்தான் சொல்வாள்.

"கூடாரத்தப் பிரிச்சிடுங்கண்ணே," என்றாள்.