பக்கம் இருபத்தாறு

திரையில் ஓடிய வரைபடத்தில் மேடு எழுந்தது.

முதலில் ஒரு புள்ளி. பிறகு நான்கு. பிறகு யாரும் மறுக்க முடியாத ஒரு குன்று.

ஆய்வு மாணவியான அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு இருபது. அவர்கள் அளக்க வந்த அணுக்கருக்களில் பாதி, பிறந்த அரை நொடிக்குள் சிதைந்துவிடும். அதற்குள் அவை துகள் முடுக்கியிலிருந்து குழாய் வழியே பாய்ந்து வந்து, லேசரைச் சந்தித்து, ஒரு கணம் மினுங்க வேண்டும். லேசரின் எந்த நிறத்துக்கு மினுங்குகின்றன என்பதை வைத்துக் கருவின் அளவைக் கணக்கிடலாம். இதுவரை யாரும் அளக்காத அளவு.

செவ்வாய்க்கிழமையே எழுந்திருக்க வேண்டிய மேடு.

பிழை ஒரே ஒரு குறியில் இருந்தது.

சென்ற மாதப் பராமரிப்பின்போது கண்ணாடிகளை இடம் மாற்றியிருந்தார்கள். முன்பு அணுக்களுக்கு எதிரே வந்த லேசர், இப்போது அவற்றின் பின்னாலிருந்து வந்தது. எதிரே வரும் ரயிலின் ஊதலுக்கும் விலகிப் போகும் ரயிலின் ஊதலுக்கும் உள்ள வேறுபாடு ஒளிக்கும் உண்டு. கணினி நிரலில் இருந்த கழித்தலைக் கூட்டலாக்கியிருக்க வேண்டும்.

ஆக்கவில்லை. மேடு இருக்கவே முடியாத இடத்தில் இரண்டு நாள் தேடினார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. இந்தத் தனிமத்தில் நிலைத்து நிற்கும் அணு ஒன்றுகூடக் கிடையாது.

இந்த மூன்று நாட்களுக்காக இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். நான்கு ஐசோடோப்புகளை அளப்பதாகத் திட்டம். மாலை ஆறு மணிக்கு முடுக்கி வேறு குழுவின் கைக்குப் போய்விடும். ஒன்றை அளக்கலாம். ஓடினால் இரண்டு.

லேசரைப் பார்த்துக்கொள்ளும் பிலோமினா வாசலில் வந்து நின்றார். இரண்டு நாளாகப் பழி முழுவதும் அவர்மேல்தான்.

"என் லேசருக்கு உடம்பு சரியாயிடுச்சா சார்?"

பேராசிரியர் தணிகாசலம் சிரிக்கவில்லை. நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, பதிவு நோட்டை அவள் பக்கம் தள்ளினார்.

தடித்த அட்டை. எண்ணிட்ட பக்கங்கள். மையால்தான் எழுத வேண்டும். அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக் கையொப்பமிட வேண்டும். ஆறு மணிக்கு எல்லாப் பக்கங்களும் நகலெடுக்கப்பட்டு, முடுக்கியில் நேரம் ஒதுக்கும் குழுவுக்குப் போகும்.

இரண்டு நாள் எப்படி வீணானது என்றுதான் குழு முதலில் பார்க்கும். யாரால் என்றும் பார்க்கும்.

அடுத்த ஆண்டு அவள் தன் பெயரில் நேரம் கேட்கப் போகிறாள். இதே குழுவிடம்.

தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார்.

"குறிய மாத்த நீ மறந்துட்டேன்னு எழுதிடும்மா. ஸ்டூடண்ட் பண்ண தப்புன்னா யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க."

அவளுக்குக் காது மடல் சுட்டது.

குறி தவறியதற்காக அல்ல. இந்த வேலையில் அது எல்லோருக்கும் நேர்வதுதான். அவளுக்கும் நேர்ந்திருக்கிறது. அந்தக் குரலில் இருந்த கனிவைத்தான் தாங்க முடியவில்லை. ஏதோ சலுகை தருவதுபோல் இருந்தது அது.

அவர் சொன்ன 'யாரும்' என்பதில் அவள் இல்லை.

நிரலின் கடவுச்சொல் அவரிடம் மட்டும்தான் இருந்தது. நேற்று அவள் குறியைப் பற்றி மறுபடி கேட்டபோது, லேசரைப் போய்ப் பார் என்றார். இன்று மூன்றாம் முறை கேட்டபோது, குறைசொல்ல வேறெதுவும் மிச்சமில்லாததால், மாற்றினார்.

முதல் முறை கேட்டது செவ்வாய்க்கிழமை.

அவள் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். பக்கம் இருபத்தாறு. காலை பதினொன்று பத்து. அவளுடைய எழுத்து: கண்ணாடி திரும்பியிருக்கிறது. குறியை மாற்ற வேண்டாமா?

அதன் கீழே அவருடைய எழுத்து: தேவையில்லை.

பக்கத்தில் சுருக்கொப்பம். அப்போது அவர் செல்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையால் எழுதி நோட்டைத் தள்ளிவிட்டார். கேள்வியை முழுதாகப் படித்தாரா என்று அன்றைக்கே அவளுக்குச் சந்தேகம்.

இப்போதும் செல்பேசி அவர் கையில் இருந்தது. மேடு கிடைத்த செய்தியை ஆய்வக இயக்குநருக்குத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் புரட்டியதைக் கவனிக்கவில்லை.

அவள் இன்றைய பக்கத்துக்குத் திரும்பினாள். பேனாவை எடுத்தாள். மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு எழுதினாள்.

இரண்டு நாள் இழப்பு. குறி மாற்றப்படவில்லை. காரணம்: பக்கம் 26.

தேதி. நேரம். கீழே தன் பெயரை முழுதாக எழுதினாள்.

நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"படிச்சுட்டுப் போடுங்க சார்."

அவர் செல்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேனாவை வாங்கினார். ஒற்றைக் கையால் போட்டார். அதே சுருக்கொப்பம்.

"நல்ல பொண்ணு," என்றார்.

பிலோமினா அருகில் வந்து நோட்டை எட்டிப் பார்த்தார். ஒருமுறை படித்தார். அவளை ஒருமுறை பார்த்தார். தன் லேசரைப் பார்க்கப் போய்விட்டார்.

திரையில் மேடு இன்னும் உயர்ந்துகொண்டிருந்தது.

மை காயும்வரை அவள் நோட்டை மூடவில்லை.