இத்தாலிப் பெட்டி

“பார்த்துத் தைங்கண்ணே, இத்தாலிப் பெட்டி!” என்று வயலின் பெட்டியை நீட்டினாள் அவள். கைப்பிடி அறுந்திருந்தது.

‘மேட் இன் இத்தாலி’ லேபிளைப் பார்த்த தையல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதை ஒட்டுறதே எங்க பின்னாடி ரூம்லதாம்மா. அப்படிப் போட்டாத்தான் கடைக்காரங்க வாங்குறாங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. “வாய் இருக்குன்னு பேசாதீங்க. என் தம்பி இத்தாலியிலேயே வேலை பார்க்குறான். என் பொண்ணுக்குன்னு சிநேகிதன்கிட்ட கொடுத்தனுப்பினது. ரெண்டு மாசமா போனைத்தான் காணோம். வரட்டும், காதைத் திருகுறேன்.”

பெட்டியைத் திறந்தவரின் சிரிப்பு நின்றது. உள்ளே மஞ்சள் வெல்வெட்.

“மஞ்சள்ல நாங்க தைச்சது இது ஒண்ணுதாம்மா. எங்ககூட வேலை பார்த்தவன், அக்கா பொண்ணுக்குப் பிடிக்கும்னு கெஞ்சித் தைச்சுக்கிட்டான். அக்கா நகையை வித்து அனுப்பினாங்களாம், ஏஜென்ட் ஏமாத்திட்டானாம். எந்த முகத்தோட வீட்டுக்குப் போறதுன்னு இங்கேயே தங்கிட்டான்.”

“உள்ளே இருக்கானா? கூப்பிடுங்கண்ணே! நான் திட்டமாட்டேன்னு சொல்லுங்க!”

அவர் எழுந்து நின்றார்.

“காய்ச்சல்ல போயிட்டாம்மா. யாருக்குச் சொல்லி விடணும்னு கடைசி வரைக்கும் கேட்டோம். ‘ஒரே அக்கா, வெளிநாட்டுல இருக்கா, அவளால வர முடியாது’ன்னுட்டான்.”