நான்காம் கார்பன்

"இந்தப் பேர் தப்பு."

மூத்த தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். கரிமச் சேர்மங்களுக்குப் பெயர் வைப்பதில் அவர் வைத்ததுதான் சட்டம். கல்லூரிகளில் அவர் எழுதிய புத்தகம்தான் பாடம்.

ஆய்வு மாணவி தன் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்தாள். தசை இறுக்கத்தைத் தளர்த்தும் புது மருந்து ஒன்றை வருஷக்கணக்கில் பாடுபட்டு உருவாக்கியிருந்தாள். இன்று துறை அரங்கில், எல்லோர் முன்னிலையிலும் வாய்மொழித் தேர்வு. தேறினால் டாக்டர் பட்டம். இல்லையென்றால் எல்லாம் அம்போ.

"எது சார் தப்பு?"

"ஐந்து கார்பன் சங்கிலி. ரெண்டு முனையிலும் ஒரே அணுத் தொகுதி. கிளை ரெண்டாம் கார்பன்ல இருக்குன்னு போட்டிருக்கே. நான் எண்ணினா நாலு வருதே?"

"கிளைக்குக் கிட்ட இருக்கிற முனையிலேருந்துதானே சார் எண்ணணும்? சின்ன எண்தானே வரணும்?"

"யார் சொன்னா?"

"நீங்கதான் சார். உங்க புத்தகத்துல."

அரங்கு சிரித்தது.

"அப்படியா? படி, பார்ப்போம்."

புத்தகம் வந்தது. படித்தாள். அடுத்த பக்கத்தையும் படிக்கச் சொன்னார். பலகையில் வரையச் சொன்னார், அழிக்கச் சொன்னார், திருப்பி வரையச் சொன்னார். எப்படி எண்ணிக் காட்டியும் மனிதர் மசியவில்லை.

"முதல் வருஷப் பசங்களுக்கே தெரியுமே இது!" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

"பெரிசுக்கு மரை கழண்டுடுச்சு" என்றது இன்னொன்று, அவர் காதில் விழும்படியாகவே.

இரண்டாம் தேர்வாளர் தொண்டையைச் செருமினார். "நான் கொஞ்சம்..."

"இருங்க சார். பேரே சரியில்லாத மருந்தைப் பத்தி என்னத்தைக் கேப்பீங்க?"

கடைசியில் துறைத்தலைவர் எழுந்தார். "அடுத்த தேர்வுக்கு அரங்கை விடணும். முடிவு?"

"பேரை இன்னொரு தடவை பார்க்கட்டும். மத்தபடி தேர்ச்சி" என்றார் மூத்தவர்.

"உங்களுக்கு ஆட்சேபணை உண்டா சார்?"

"ஒரு கேள்வியாவது கேட்டிருந்தாத்தானே ஆட்சேபிக்க!" இரண்டாமவர் கடுகடுவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறினார்.

தாழ்வாரத்தில் அவள் மூத்தவரை மடக்கினாள். பட்டம் கிடைத்தும் கோபம் ஆறவில்லை.

"சார், ரெண்டுதான் சரி. இப்பவும் சொல்றேன்."

"ரெண்டுதாம்மா. அதுல என்ன சந்தேகம்?"

"பின்னே ஏன் சார்...?"

"உன் கைடு மேடத்துக்கும் அந்த ரெண்டாம் தேர்வாளருக்கும் ஏழாம் பொருத்தம். அந்த ஆத்திரத்தை உன் தலையில இறக்கறதுக்குன்னே வந்திருந்தார். காலையில காபி குடிக்கறப்ப என்கிட்டயே சொன்னார். வாயைத் திறக்க விட்டிருந்தா உன்னை ஃபெயிலாக்கிட்டுத்தான் போயிருப்பார்."

கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு தப்பும் இல்லாத ஆய்வுல ஒரு மணி நேரம் தப்புக் கண்டுபிடிக்கறது என்ன லேசான வேலையாம்மா?"