சத்தம் மட்டும் வந்த சிடி

"அழுகை கேக்குது, ஆளக் காணல்லியே பிள்ளே!"

ததேயுஸ் கம்ப்யூட்டர் திரையில் மூக்கு முட்டும்படி குனிந்தார். ஸ்பீக்கரில் பெண்களின் அழுகையும் கோயில் மணியும் கணீரென்று வந்தன. திரை மட்டும் கறுப்பு.

"பதறாதிங்க அண்ணே. சிடிக்கு ஒரு கேடும் இல்ல. அதுல உள்ள படத்தப் பிரிச்சுக் காட்டுத கோடெக் இந்தக் கம்ப்யூட்டர்ல இல்ல. சத்தத்துக்கு உள்ளது இருக்கு. படத்துக்கு உள்ளதத் தேடிப் போட்டா ஆளுவ தானா வருவினும்" என்றாள் தஸ்ரின்.

புதுக்கடையில் அவள் நடத்திய நெட் சென்டரில் இருந்ததெல்லாம் பழைய கம்ப்யூட்டர்கள். ஆனாலும் முடியாது என்று சொல்லி அவள் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

"கண்டிப்பா வருமா? வீட்டு பிளேயர் இத உள்ள வாங்கவே மாட்டேங்குது."

"வராம எங்க போவும்? யாரு அண்ணே மரிச்சது?"

"எங்க வீட்டு ஆளுதான். நாளைக்கு எனக்க அண்ணன் பனியடிமைக்க மவளுக்குக் கலியாணம். ஒரு வலைச் சண்டையில நாங்க பேச்சு விட்டுக் கொள்ளை நாளாச்சு. இப்ப மவ கையில அழைப்பு கொடுத்து விட்டிருக்கான். இந்த அடக்கத்துக்கு அவன் வந்திருந்தா நாளைக்கு நான் முதல் ஆளாப் போவேன். வரல்லேன்னா அந்த வாசல மிதிக்க மாட்டேன். சாவுக்கு வராதவன் வீட்டுல கலியாணச் சோறு இறங்குமா?"

"அன்னைக்கு நீங்க அங்க இல்லியா?"

"நான் எங்க? கடல்ல போட்டுக்க எஞ்சின் பழுதாகி, நீரோட்டத்து ஒழுக்குல போயி, வேற தேசத்துக் கரையில கிடந்தேன். ஊரு வந்து சேரும்போ எல்லாம் முடிஞ்சாச்சு."

"அண்ணிகிட்ட கேட்டா சொல்ல மாட்டாவளா?"

"குளோரிகிட்டயா? அவளுக்குக் கலியாணத்துக்குப் போவணும்னு ஒரே கொதி. அவன் வரல்லேன்னாலும் வந்தாருன்னுதான் சொல்லுவா."

ஸ்பீக்கரில் ஒரு குரல் மற்றவற்றை மீறி உயர்ந்தது. ததேயுஸ் விரலை நீட்டினார். "கேட்டியா, இது அவதான். என்னமா அழுதிருக்கா பாரு!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அடக்கத்தைக் கேட்டுச் சிரிக்கிற மனுஷனும் உண்டா என்று தஸ்ரினுக்கு உள்ளே சுருக்கென்றது.

படம் எந்த வகையில் பதிவானது என்று ஒரு சின்ன மென்பொருளில் திறந்து பார்த்தாள். பெயர் கிடைத்தது. இணையத்தில் தேடி, அதற்கான கோடெக்கை இறக்கிப் போட்டாள். படம் வந்தது. தலைகீழாக.

"எம்மாடி! ஊரே வவ்வாலாட்டு தொங்குது!"

"தொங்குனா என்ன? ஆளு வந்தாச்சுல்லா? இனி நிமித்துனாப் போதும். நீங்க கழுத்தத் திருப்பாதிங்க, சுளுக்கிரும்."

போட்டதை நீக்கினாள். அதே கோடெக்கின் பழைய பதிப்பைத் தேடினாள். பழைய கம்ப்யூட்டருக்குப் பழையதுதான் ஒத்துப்போகும். அது இறங்கி முடிகிறவரை ததேயுஸ் சிலுவை போட்டபடி இருந்தார்.

இந்தமுறை படம் நேராக நின்றது. கோயில் வாசலில் கூட்டம். குருசுக்குப் பின்னால் சவப்பெட்டி வந்தது.

"நிறுத்து! அங்க நிறுத்து பிள்ளே!"

பெட்டியின் தலைமாட்டில் தோள் கொடுத்து, மூக்கு ஒழுக, சின்னப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டு ஒருவர் நின்றார்.

"பனியடிமை..." ததேயுஸ் திரையில் அந்த முகத்தை விரலால் தொட்டார். "எனக்க அண்ணன் வந்திருக்கான். தோளும் கொடுத்திருக்கான்."

"நான் சொன்னேம்லா? நாளைக்குக் கலியாணச் சோறுதான்" என்று தஸ்ரின் படத்தை மறுபடி ஓடவிட்டாள்.

கல்லறையில் இறக்குமுன் திறந்து வைத்த பெட்டியைக் கேமரா நெருங்கியது. உள்ளே உடல் இல்லை. மடித்து வைத்த ஒரு பட்டுச் சட்டை. அதன்மேல் மாலை போட்ட போட்டோ. அந்தப் போட்டோவையும் பக்கத்து நாற்காலியையும் தஸ்ரின் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு இருந்த ஒரே நல்ல சட்டை, பாத்துக்க" என்றார் ததேயுஸ். "அத எனக்கு முன்னயே குழியில இறக்கிட்டானுவ. கலியாணத்துக்கு இனி புதுசுதான் எடுக்கணும்."