இருபத்து மூன்றாவது உதை

“பலமா உதை கொரீன்! கொல்லணும்னு நினைச்சு உதை!” என்று என் அண்ணன் வேட் கத்தினான்.

என் காலடியில் கிடந்தவருக்கு வயது அறுபத்திரண்டு. பழுப்புத் தோல் ஓரங்களில் உரிந்திருந்தது. இருபத்திரண்டு உதை வாங்கியும் ஒரு தடவைகூடச் சரியாக அலறவில்லை.

“பாவமா இருக்கு வேட்.”

“பாவம் பார்த்தா பழைய சத்தம் வராது.”

அவர் ஓர் எதிரொலிப் பெட்டி. உள்ளே நீளமான ஸ்பிரிங்குகள். கிதாரின் ஒலி அவற்றின் வழியே ஓடி, கடலில் நனைந்ததுபோல் வெளியே வரும். பெட்டியை உதைத்தால் ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று மோதி இடி இடிக்கும். யாராவது கார் கதவை ஓங்கிச் சாத்தினாலே முனகும். எங்கள் பாட்டு அந்த இடியோடுதான் முடிய வேண்டும்.

நான் இயற்பியலில் பட்டம் வாங்கியவள். அண்ணனின் அலைச்சறுக்கு இசைக்குழுவில் என் வேலை, பாட்டுக்கு ஓர் உதை.

கடலோர ஊரான கோஸ்டா மேசாவில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்தான் ஒலிப்பதிவுக் கூடம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் எப்படியோ அப்படியே: ஒரே மைக், ஒரே டேப், கணினிக்கு அனுமதி இல்லை. ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். சூழலுக்காக உத்தரத்திலிருந்து ஓர் அலைச்சறுக்குப் பலகை தொங்கியது. அண்ணனுக்கு நீச்சல் தெரியாது.

முந்தைய இசைத்தட்டின் அட்டையில் என் பெயர் நன்றிப் பட்டியலில் வந்திருந்தது, பீட்ஸா கடைக்கும் கீழே. இந்த முறை இடி சரியாக விழுந்தால் கலைஞர்கள் வரிசையில் போடுவதாக அண்ணன் சொல்லியிருந்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு வாரமாக எனக்கு அதே நினைப்பு.

“முதல் உதை முன்னாடி விழுந்துச்சு. அஞ்சாவது பின்னாடி. பதினெட்டாவது என் முட்டியில,” என்றான் ட்ரம்ஸ் வாசிக்கும் ரூபன். “தாயே, நீ உதைக்கிறியா, மன்னிப்பு கேக்குறியா?”

“ரெண்டும்தான்.”

“பேசாம நானே உதைச்சுடறேன்.”

“உன் காலு ரெண்டும் ட்ரம்ஸ்ல இருக்கு. மூணாவது முளைச்சா சொல்லு,” என்றாள் மார்லா. பேஸ் கிதாரைத் தோளில் மாட்டியபடி டேப்பைக் குனிந்து பார்த்தாள். “இன்னும் ஒரு தடவைக்குத்தான் வரும். இந்தப் பழைய டேப் வேற எங்கயும் கிடைக்காது.”

அண்ணன் என் தோளைப் பிடித்தான். “இதையும் கோட்டை விட்டா பீட்ஸா கடைக்குக் கீழதான். சொல்லிட்டேன்.”

டேப் ஓடத் தொடங்கியது. கிதார் சீறியது. ரூபன் அடித்த அடியில் வழக்கம்போல் தரை அதிர்ந்தது. நான் தாளத்தை எண்ணினேன். கடைசி நான்கு அடிகள். கண்ணை இறுக மூடிக்கொண்டு காலைத் தூக்கினேன். மூன்று. இரண்டு.

இடி விழுந்தது.

அப்படி ஓர் இடியை அந்தப் பெட்டி அதுவரை கொடுத்ததில்லை. பேரலை ஒன்று ஷெட்டுக்குள் வந்து உடைந்ததுபோல் உருண்டது, புரண்டது, மெல்ல அடங்கியது. டேப் தீர்ந்து, அதன் நுனி படபடவென்று சுற்றியது. தெருவில் நாய்கள் குரைத்தன. தலைக்கு மேல் அந்தப் பலகை ஆடிக்கொண்டிருந்தது.

ரூபன் குச்சிகளைக் கீழே போட்டான். “தாயே, காலைக் காட்டு. விழுந்து கும்பிடறேன்.”

“ரூபன், நான்...”

“பேசாத. அழுதுடுவேன்.”

அண்ணன் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தான். “அறுபத்து மூணுலகூட இப்படி ஒரு சத்தம் வந்திருக்காது. எப்படி உதைச்சே?”

“அதுதான் வேட், நான் வந்து...”

“பாரேன், பாராட்டினா இவளுக்குப் பேச்சே வராது,” என்றாள் மார்லா.

அவள் டேப் டப்பாவின் மேல் அழியாத மையில் எழுதினாள். கிதார் வேட், பேஸ் மார்லா, ட்ரம்ஸ் ரூபன், இடி கொரீன். என் பெயரை மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். பெயரைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

ஷெட்டின் கதவு பாதி உயர்ந்தது. கீழே குனிந்து எட்டிப் பார்த்தார் பக்கத்து வீட்டு மிசஸ் டாட்சன். தலையில் பாதி சாயம் பூசியிருந்தது, மீதி சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் சத்தத்துக்காக இரண்டு முறை போலீஸைக் கூப்பிட்டவர்.

அண்ணன் இரண்டு கைகளையும் உயர்த்தினான். “மன்னிச்சுக்குங்க, முடிஞ்சுடுச்சு. இனிமே சத்தமே வராது.”

“சத்தம் கிடக்கட்டும்ப்பா, நிலநடுக்கத்துல உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”