ஏர்போர்ட் வரைக்கும் நாலு துணி

"ஏ தம்பி, ரயிலுக்குள்ள உக்காந்து என்ன செய்யுதீங்க?"

விம்கோ நகரில் மெட்ரோ கிளம்பி இரண்டு ஸ்டேஷன்கூடத் தாண்டவில்லை, பக்கத்து சீட்டு ஆவுடையம்மாள் ஆரம்பித்துவிட்டாள். அந்தத் தம்பி, வெற்றி, நிமிரவில்லை. மடியில் ரப்பர் ஷீட்டை விரித்து, தன் ஆறு மாதப் பெண் குழந்தையைக் கிடத்தி, நனைந்த துணி டயப்பரின் பட்டன்களைப் பட் பட்டென்று கழற்றிக்கொண்டிருந்தான்.

"துணி மாத்திக்கினு கீறேம்மா. தோ, ஆயிடுச்சு."

ஆயிடுச்சுதான். ஈரத்துணி ஜிப் பைக்குள் போய்விட்டது, காய்ந்தது இடுப்பில் ஏறிவிட்டது. விசைப்படகில் வலையைப் பழுது பார்க்கிற கை அது. ஆவுடையம்மாளுக்குப் பிடிக்கவில்லை. நாலு பெற்றவள் அவள். ஓர் ஆண்பிள்ளை இத்தனை சுருக்காகச் செய்தால் எப்படிப் பிடிக்கும்?

"கடை டயப்பர ஒண்ணு மாட்டிவிட்டா சோலி முடிஞ்சுது. எங்க மளிகைக் கடையிலயே பெட்டி பெட்டியா விக்குதோம்."

"அது போட்டா இவளுக்கு தொடை ரெண்டும் செவந்து பூடுதும்மா. அழுவ ஆரம்பிச்சா பால் குடிக்கவே மாட்டா. நாலு துணி எட்தாந்துகீறேன். ஏர்போர்ட் வரைக்கும் தாராளமா போதும்."

"ஏர்போர்ட்டுக்கா? நானும் அங்கதான் போறேன், மகளைக் கூப்பிட. பச்சப்பிள்ளைய எதுக்கு அங்கன தூக்கிட்டுப் போறீங்க?"

"அவங்கம்மாகிட்ட பால் குடிக்கத்தான். பத்து நிமிசம் வுடுவாங்க. லீவு முடிஞ்சி இன்னிக்குதான் மொத நாள் வேலைக்கு போய்க்கிறா."

ஆவுடையம்மாளின் முகம் சுருங்கியது. "பால்குடி மறக்காத பிள்ளைய ஆம்பளை கையில குடுத்துட்டுப் போயிருக்காளா? அப்படி என்ன பெரிய உத்தியோகம்? கலெக்டரா?"

"கலெக்டர் இல்லம்மா. ஆனா அவ டயத்துக்குப் போவலன்னா ஆயிரம் பேருக்கு பேஜாரு."

"பொண்டாட்டிய நல்லாத்தான் தாங்குதீங்க. உங்களுக்கு வேலை வெட்டி இல்லியா?"

"மீன்புடி தடைக்காலம்மா. ரெண்டு மாசம் படகு கரையிலதான் கீது. அதுக்குள்ள பாப்பா கஞ்சி குடிக்கக் கத்துக்கும். இன்னிக்கு ஒரு நாள் தாண்டிட்டா போதும்." அவன் குரல் இறங்கியது. "பாப்பா நனைஞ்சி, அழுதுகினு வந்து நின்னா, வேலையே வேணாம்னு அவ சொல்லிட்டா. ராஜினாமா லெட்டரே எழுதி பையில வெச்சிகீறா. எம்மாங் கஷ்டப்பட்டுப் படிச்சி வாங்குன வேலை தெரியுமா?"

"விட்டுத் தொலையட்டும். பிள்ளைய விட வேலையா பெருசு? எறங்குனதும் நானே அவகிட்ட நாலு வார்த்தை கேக்கேன்."

"ஷோக்கா கேளுங்க" என்று சிரித்தான் வெற்றி.

சென்ட்ரலில் இரண்டாவது துணி. தேனாம்பேட்டையில் மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் ஆவுடையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அவன் அசரவில்லை.

கிண்டியில்தான் வந்தது வினை. குழந்தை இந்தத் தடவை வெறுமனே நனைக்கவில்லை.

"ச்சீ, கலீஜ்!" என்று எதிர் சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். மொத்தப் பெட்டியும் திரும்பிப் பார்த்தது. குழந்தை வீறிட்டது. பாட்டில் தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்கப் போனால் உதைக்கிறது, புரள்கிறது. முதல் தடவையாக வெற்றி தடுமாறினான்.

"இன்னும் நாலே ஸ்டேஷன்தாம்மா" என்றான். அவனே அழுதுவிடுவான் போலிருந்தது.

ஆவுடையம்மாளால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. குழந்தையின் இரண்டு காலையும் ஒரே பிடியாகத் தூக்கிப் பிடித்தாள்.

"பாத்துட்டு இருந்தா எப்படி? தொடைங்க சீக்கிரம். ஏ ராசாத்தி, ஏ என் தங்கம், அழக் கூடாதுட்டி..."

அவன் துடைத்தான். அவள் கொஞ்சினாள். கடைசித் துணி ஏறியது. மீனம்பாக்கம் வருவதற்குள் குழந்தை அவள் வளையலைச் சப்ப ஆரம்பித்திருந்தது.

"நனைச்சிராதட்டி, இந்தா சேந்துருவோம்." இப்போது அவளுக்குத்தான் பதற்றம். "ஏ தம்பி, ரயிலு நேரத்துக்குப் போயிருமா?"

"போயிடும்மா. அதுக்கு நான் கேரண்டி."

ஏர்போர்ட் ஸ்டேஷனில் எல்லோரும் படிக்கட்டைப் பார்த்து நடந்தார்கள். வெற்றி மட்டும் குழந்தையோடு பிளாட்பாரத்தில் நேராக முன்னால் போனான்.

"வழி இங்கன இருக்கு தம்பி!"

அவன் காதில் விழவில்லை. நாலு வார்த்தை கேட்டே தீர வேண்டும் என்பதால் ஆவுடையம்மாளும் மூச்சிரைக்கப் பின்னால் போனாள்.

ரயிலின் முன்பக்கம் இருந்த சின்னக் கதவு திறந்தது. அடுத்த டிரைவரிடம் ரயிலை ஒப்படைத்துவிட்டு, சீருடையில் இறங்கி ஓடி வந்தாள் ஜோதிகா. குழந்தையை வாங்கி முதல் வேலையாகத் துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காஞ்சிதான் கீது... வழியில அழுதாளா?" என்று புருஷனைக் கேட்டாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் ஆவுடையம்மாள் முந்திக்கொண்டாள்.

"அழவே இல்ல தாயி! எங்க அம்புட்டுப் பேரையும் நீ பத்திரமா ஓட்டியாந்திருக்க, உன் ஒரு பிள்ளைய நாங்க பாத்துக்க மாட்டமா?"