முதல் ஆயில்

பிரித்து மாட்டிய எஞ்சினில் முதல் ஆயிலை வண்டிக்காரன் கையால்தான் ஊற்ற வேண்டும் என்பது போடிமெட்டு ஜீப்காரர்களின் பிடிவாதம். அதனால் மெக்கானிக் ஜோஸ், ஜீப்காரர் சூசையப்பனிடம், "புது ரிங்கு போட்டிருக்கேன் அண்ணே, பழைய கெட்டி ஆயில் ஆகாது, இதையே ஊத்துங்க" என்று சீல் வைத்த டின்னை முன்சீட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். அதற்குள் ஏலக்காய் எடுக்கும் பெண்கள் ஏறிக்கொண்டு அவசரப்படுத்த, சூசையப்பன் ஆயிலை மறந்து வண்டியை எடுத்துவிட்டார்.

சாந்தன்பாறையில் அவர்களை இறக்கிவிட்ட பிறகுதான் டின் கண்ணில் பட்டது. ஆயில் இல்லாமல் இத்தனை மேடு ஏறிய எஞ்சின் இந்நேரம் இறுகிப்போயிருக்க வேண்டும்.

பானெட்டைத் திறந்து அளவுக்கம்பியை உருவினார். மேல்கோடு வரை ஆயில், தேன் நிறத்தில்.

"மாதாவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டு ஜோஸுக்குப் போன் செய்தார். "நீயே ஊத்திட்டியாடா?"

"நான் தொடலண்ணே. தொட்டா நீங்க சும்மா விடுவீங்களா?"

எப்படியோ எஞ்சின் பிழைத்தது, அது போதும். டின்னைப் பின்னால் வைக்கத் தூக்கினார். காகிதம்போல் வந்தது. குலுக்கினால் சத்தமில்லை. சீல் அப்படியே இருந்தது.

திரும்பும் வழியெல்லாம் வளைவுக்கு வளைவு காலி டின் பின்னால் உருண்டது. சூசையப்பன் திரும்பிப் பார்க்காமல், சத்தமாகப் பாடிக்கொண்டே ஓட்டினார்.